படகுக்குள் பெய்யும் மழை!

சொட்டும் நீர் எங்கிருந்து வருகிறது? கண்டுபிடிக்கும் வித்தை

படகின் அடியிலே ஓட்டை விழுந்தால் ஆபத்து. இது சிறு பிள்ளைக்கும் தெரியும்.

மேலே ஓட்டை விழுந்தால்?

"மேலேதானே! மழை பெய்தால் நாலு சொட்டு விழும். ஒரு பாத்திரத்தை வைத்தால் போயிற்று" என்று தோன்றும். வீட்டுக் கூரை ஒழுகினால் அப்படித்தானே செய்கிறோம்?

ஆனால் வீட்டுக்கும் படகுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வீட்டுக்குள் விழுந்த தண்ணீரை வாசல் வழியாகத் தள்ளிவிடலாம். படகுக்குள் விழுந்த தண்ணீருக்குப் போக்கிடம் கிடையாது. அது நேரே படகின் அடிவயிற்றுக்குப் போய் அங்கேயே தங்கிவிடும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் இடத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் தண்ணீர். 6 மீட்டர் நீளமுள்ள ஒரு சின்ன மோட்டார் படகின் மேல்பரப்பு ஏறக்குறைய 10 சதுர மீட்டர் இருக்கும். ஒரே இரவில் 25 மில்லிமீட்டர் மழை கொட்டினால், அந்தப் படகின்மேல் விழும் தண்ணீர் 250 லிட்டர்! நாலு ஆள் எடைக்குச் சமம். பெரும்பகுதி வழிந்து ஆற்றிலே விழுந்துவிடும். பத்தில் ஒரு பங்கு உள்ளே புகுந்தால்கூட 25 லிட்டர் ஆயிற்று.

இது ஒரு நாள் மழை. மாதக்கணக்கில் யாரும் எட்டிப் பார்க்காத படகின் கதி என்ன?

மிதக்கும் வீடுகள்

இங்கிலாந்தின் கிழக்கே நார்ஃபோக் என்று ஒரு மாவட்டம். அங்கே ஆறுகளும் ஏரிகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. 'பிராட்ஸ்' என்று அந்த நீர்நிலைகளுக்குப் பெயர். ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தூரத்துக்குப் படகிலேயே போகலாம்.

அந்த ஏரிகளில் ஒரு விசேஷம் உண்டு. அவை இயற்கையாக உண்டானவை அல்ல! பல நூற்றாண்டுகளுக்கு முன் அடுப்பெரிப்பதற்காக மக்கள் அங்கே மக்கிய தாவர மண்ணை வெட்டி வெட்டி எடுத்தார்கள். வெட்டிய பள்ளங்களில் தண்ணீர் ஏறி ஏரிகள் ஆகிவிட்டன. ஜாய்ஸ் லாம்பர்ட் என்ற தாவர ஆராய்ச்சிப் பெண்மணி 1950-களில்தான் இதை நிரூபித்தார்.

இந்த நீர்வழிகளில் அறை கட்டிய மோட்டார் படகுகள் ஏராளம். உள்ளே இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு சிறு மேஜை. கோடைக்காலத்தில் குடும்பத்தோடு ஏறி ஒரு வாரம் சுற்றுவார்கள். குளிர்காலம் வந்ததும் கரையோரம் கட்டிப் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள்.

பாட்டர் ஹெய்ஹம் என்ற ஊரில் இடைக்காலத்தில் கட்டிய ஒரு கல் பாலம் இருக்கிறது. அதன் நடு வளைவுக்கும் தண்ணீருக்கும் இடையே சுமார் 2 மீட்டர்தான். நீர்மட்டம் ஏறினால் அதுவும் குறையும். இப்படிப்பட்ட பாலங்களுக்கு அடியில் நுழைய வேண்டுமே! ஆகவே பல படகுகளில் முன் கண்ணாடியை மடக்கலாம். கூரையைப் பின்னுக்குத் தள்ளலாம்.

மடக்கும் இடமெல்லாம் இணைப்பு. இணைப்பு இருக்கும் இடமெல்லாம் மழைக்கு ஒரு வாசல்!

சொட்டும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு

கட்டிலில் படுத்திருக்கிறீர்கள். தலைக்கு மேலே 'டொக்... டொக்...' என்று சொட்டுகிறது. அண்ணாந்து பார்க்கிறீர்கள். அங்கேதானே ஓட்டை?

பெரும்பாலும் இல்லை.

இக்காலத்துப் படகுகள் கண்ணாடி நாரால் ஆனவை. 'பைபர் கிளாஸ்' என்று நாம் சொல்வது அதைத்தான். வெளிக்கூடு ஒன்று, அறைக்குள் அழகுக்காக ஒட்டிய உள்கூரை ஒன்று. இரண்டுக்கும் நடுவே சந்து. மழைநீர் வெளிக்கூட்டில் ஏதோ ஒரு திருகாணி வழியாக உள்ளே வரும். வந்ததும் கீழே குதித்துவிடாது. சந்திலே நடக்கும். மின்சாரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்கும். மரச்சட்டத்தின் ஓரமாக நடக்கும். வசதியான ஓர் இடம் கிடைத்ததும் அங்கே சொட்டும். இடது பக்கம் முன்னால் நுழைந்த தண்ணீர் வலது பக்கம் பின்னால் சொட்டினாலும் ஆச்சரியப்படக் கூடாது.

தண்ணீர் மேலிருந்து கீழே தானே வரும், ஆகவே ஓட்டை சொட்டும் இடத்துக்கு மேலேதான் இருக்க வேண்டும் என்று வாதிக்கலாம். அதுவும் எப்போதும் சரியல்ல. அகல் விளக்கின் திரியில் எண்ணெய் மேலே ஏறுகிறதல்லவா? மயிரிழை போன்ற விரிசலில் தண்ணீரும் அதேபோல் கொஞ்ச தூரம் மேலே ஏறும்.

இன்னொரு வேடிக்கை. கட்டிப் போட்ட படகு ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். ஆட்கள் ஏறினால் வேறு பக்கம் சாயும். சாய்வு மாறினால் தண்ணீரின் பாதையும் மாறும். நேற்று ஒழுகிய இடம் இன்று காய்ந்து கிடக்கும். காற்று மேற்கே இருந்து அடித்தால் ஒழுகும். கிழக்கே இருந்து அடித்தால் ஒழுகாது. அனுபவசாலிகள் அதனால்தான் ஒழுகிய நாளும், காற்று அடித்த திசையும், சொட்டிய இடமும் ஒரு நோட்டில் குறித்து வைக்கிறார்கள்.

முதலில் யார் என்று தெரிய வேண்டும்

அடிவயிற்றில் தண்ணீர் கிடக்கிறது. அது மழைதானா? கடலில் ஓடும் படகானால், சொட்டும் நீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாலே போதும். உப்புக் கரித்தால் கடல். கரிக்காவிட்டால் மழை, இல்லையேல் படகின் குடிநீர்த் தொட்டி. (அடியில் தேங்கிய தண்ணீரை ருசி பார்க்க வேண்டாம். அதில் எண்ணெயும் பெட்ரோலும் கலந்திருக்கும்.)

ஆற்றுப் படகில் இந்தச் சோதனை பலிக்காது. அங்கே தண்ணீரை முழுக்க இறைத்து, துடைத்து, உலர்த்திவிடுவார்கள். மழையில்லாத நாட்களில் மறுபடி ஊறுகிறதா என்று பார்ப்பார்கள். ஊறினால் அடியில் கோளாறு. மழைக்குப் பிறகு மட்டும் ஊறினால் மேலே கோளாறு. குடிநீர்த் தொட்டிமேல் சந்தேகம் இருந்தால் கேசரிப் பவுடர் போன்ற சமையல் சாயம் கொஞ்சம் அதில் கரைத்துப் பார்க்கலாம். அடியில் ஊறும் நீரில் நிறம் தெரிந்தால் குற்றவாளி தொட்டிதான்.

குற்றமே செய்யாத ஓர் ஆசாமியும் உண்டு. அவர்தான் மூச்சுக் காற்று! இரண்டு பேர் ஒரு சின்ன அறையில் இரவு முழுவதும் தூங்கினால் அவர்கள் மூச்சிலும் வியர்வையிலும் ஏறக்குறைய அரை லிட்டர் நீர் ஆவியாக வெளியேறும். எரிவாயு அடுப்பு அதைவிட மோசம். 1 கிலோ வாயு எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி உண்டாகிறது. குளிர்ந்த ஜன்னலிலும் உலோகச் சட்டத்திலும் அந்த ஆவி பட்டு முத்து முத்தாகக் கோர்த்து வழியும். இதைப் பார்த்து ஜன்னல் ஒழுகுகிறது என்று கழற்றிப் போட்டவர்கள் பலர்.

இதைப் பிரித்தறிய சுலபமான வழி இருக்கிறது. சந்தேகப்பட்ட இடத்தைத் துடைத்து உலர்த்தி, ஒரு துண்டு அலுமினியத் தாளை வைத்து நான்கு ஓரமும் நாடாவால் ஒட்டிவிட வேண்டும். காலையில் தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அது அறைக்குள் இருந்த ஆவி. உட்பக்கம் நனைந்திருந்தால் தண்ணீர் சுவர் வழியாகத்தான் வருகிறது.

குழாயும் டார்ச் விளக்கும்

இனி வேட்டை. இது ஒருவர் செய்யும் வேலை அல்ல. ஒருவர் வெளியே ரப்பர் குழாயோடு நிற்க வேண்டும். இன்னொருவர் உள்ளே டார்ச் விளக்கோடு படுத்துக் கிடக்க வேண்டும். படகில் குடும்பம் குடும்பமாகப் போகிறவர்கள் ஆயிற்றே! பெரும்பாலும் கணவர் வெளியே, மனைவி உள்ளே. சந்துக்குள் நுழைய ஒரு சிறு பையன் இருந்தால் இன்னும் சௌகரியம்.

உள்ளே முதலில் மெத்தைகளை எடுத்துவிட வேண்டும். கழற்ற முடிந்த உள்கூரைப் பலகைகளைக் கழற்ற வேண்டும். எல்லாவற்றையும் நன்றாக உலர்த்த வேண்டும். பிறகு ஜன்னலுக்குக் கீழும் சட்டங்களின் ஓரத்திலும் முகப்பவுடரைத் தூவிவிடுவார்கள். ஒரே ஒரு சொட்டு ஓடினாலும் பவுடரில் கோடு விழுந்துவிடும். திருடன் காலடித் தடம் மாதிரி!

இப்போது வெளியே குழாயைத் திறக்கலாம். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். கூரையின் உச்சியில் தண்ணீரைக் கொட்டுகிறார்கள். அது கூரை, ஜன்னல், கைப்பிடி, தளம் எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டு கீழே ஓடுகிறது. உள்ளே சொட்டுகிறது. சரி, எதன் வழியாக? யாருக்குத் தெரியும்!

கீழேயிருந்துதான் தொடங்க வேண்டும். முதலில் தளத்தின் ஓரம் மட்டும். பத்து நிமிஷம். சொட்டவில்லையா? பிறகு தளத்தில் உள்ள திருகாணிகள். பிறகு ஜன்னலின் கீழ் விளிம்பு, அப்புறம் பக்க விளிம்பு, அப்புறம் மேல் விளிம்பு. கடைசியில்தான் கூரை. இப்படி ஒவ்வொரு படியாக ஏறினால், சொட்டு விழுந்த கணத்தில் எந்த இடத்தை நனைத்துக்கொண்டிருந்தோமோ அதுவே வாசல் என்று சொல்லலாம்.

தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கக் கூடாது. மழை பீய்ச்சி அடிப்பதில்லை. வேகமாக அடித்தால் நல்ல ரப்பரையும் தாண்டித் தண்ணீர் உள்ளே போய்விடும். வீண் பழிதான் மிஞ்சும்.

"வருகிறதா?"

"இன்னும் இல்லை!"

"இப்போது?"

இப்படி அரை நாள் போய்விடும். இந்த வேலைக்கு வேண்டிய முதல் கருவி பொறுமை. குழாய் இரண்டாவதுதான்.

குழாய்க்கும் அகப்படாத ஓட்டை இருந்தால் சைக்கிள் கடைக்காரர் தந்திரம் இருக்கிறது. பஞ்சர் பார்க்க அவர் ட்யூபில் காற்றடித்துத் தண்ணீரில் முக்குகிறார் அல்லவா? படகை முக்க முடியாது. ஆகவே கதவு, ஜன்னல், காற்றுத்துவாரம் எல்லாவற்றையும் நாடாவால் அடைத்து, காற்று ஊதும் கருவி ஒன்றை வைத்து அறைக்குள் மெதுவாகக் காற்றைச் செலுத்துவார்கள். வெளியே சோப்புத் தண்ணீரைத் தடவுவார்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி கிளம்பும்! பெட்ரோல் என்ஜின் உள்ள படகில் மட்டும் இதில் மிகுந்த ஜாக்கிரதை தேவை. பெட்ரோல் ஆவி தங்கிய இடத்தில் ஒரு மின்பொறி பறந்தால் படகே மிஞ்சாது.

வழக்கமான குற்றவாளிகள்

ஜன்னல்தான் முதல் ஆசாமி. பல படகுகளில் ஜன்னல் பலகை கண்ணாடி அல்ல, அக்ரிலிக் பிளாஸ்டிக். வெயிலில் அது அதிகமாக விரியும். 1 மீட்டர் நீளமுள்ள பலகை, 30 டிகிரி வெப்பம் ஏறினால் சுமார் 2 மில்லிமீட்டர் நீளும். அதைச் சுற்றியிருக்கும் அலுமினியச் சட்டம் அதில் மூன்றில் ஒரு பங்குதான் நீளும். பகலில் நீண்டு இரவில் சுருங்கி, வருஷக்கணக்கில் இந்த இழுபறி நடந்தால் நடுவே உள்ள ரப்பர் என்ன ஆகும்? காய்ந்து சுருங்கி மூலையில் இடைவெளி விட்டுவிடும்.

ஆனாலும் ஜன்னலைக் கழற்றுமுன் ஒன்று பார்க்க வேண்டும். தள்ளித் திறக்கும் ஜன்னலின் கீழ்ச் சட்டத்தில், தண்ணீர் வெளியே வடிவதற்கென்றே சின்னத் துளைகள் இருக்கும். பாசியும் அழுக்கும் அவற்றை அடைத்துவிட்டால் சட்டம் நிரம்பி உள்பக்கமாக வழியும். ஒரு குண்டூசியால் குத்திவிட்டால் வைத்தியம் முடிந்தது!

அடுத்தவை திருகாணிகள். கயிறு கட்டும் கொக்கி, கைப்பிடிக் கம்பி, விளக்குத் தண்டு, கான்வாஸ் மூடியை மாட்டும் பொத்தான்கள்... சின்னப் படகில்கூட இப்படி நூற்றுக்கு மேல் துளைகள் தேறும். கொக்கியில் கயிறு கட்டி இழுக்கும்போதெல்லாம் அது ஆடுகிறது. ஆட ஆட அடியில் போட்ட பசை விட்டுப்போகிறது. தளமும் அடிக்கூடும் சேரும் விளிம்பு இன்னொன்று. கரையில் மோதாமலிருக்க அங்கே ரப்பர்ப் பட்டை வைத்து மறைத்திருப்பார்கள். பட்டைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

மரப் படகு வைத்திருப்பவர்களுக்கு வேறு கவலை. வெயிலில் பலகை சுருங்கும். முதல் மழையில் ஒழுகும். நாலு மழை நனைந்ததும் பலகை ஊதித் தானே அடைத்துக்கொள்ளும். அதை அவசரப்பட்டு அடைத்தால், பலகை ஊதும்போது ஒன்றையொன்று நெருக்கிப் பிளந்துவிடும்.

பூசி மெழுகினால் போதாது

ஓட்டை தெரிந்ததும் மேலே கொஞ்சம் பசையைப் பூசிவிட ஆசை வரும். அது ஒரு மாதம் தாங்கும். அப்புறம் தண்ணீர் வேறு பக்கம் வழி தேடும்.

சரியான வழி ஒன்றுதான். கொக்கியைக் கழற்ற வேண்டும். பழைய பசையைச் சுரண்டி எடுக்க வேண்டும். துளையின் மேல் வாயைச் சற்றே அகலமாகக் குடைய வேண்டும். அந்தப் பள்ளத்தில் பசை தங்கி, திருகாணியைச் சுற்றி ஒரு மோதிரம்போல் நிற்கும். பிறகு மெதுவாக முடுக்க வேண்டும். ஒரேயடியாக இறுக்கினால் பசை எல்லாம் பிதுங்கி வெளியே வந்துவிடும். பியூட்டைல் ரப்பர் நாடா இதற்கு மிகவும் நல்லது. வருஷக்கணக்கில் இறுகாமல் சப்பாத்தி மாவுபோல் மிருதுவாகவே இருக்கும்.

சிலிகோன் பசையைப் படகுக்காரர்கள் பலர் வெறுக்கிறார்கள். காரணம் இருக்கிறது. அதன் மிச்சம் ஒட்டியிருக்கும் இடத்தில் பிறகு வேறு எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது. சில பசைகள் அக்ரிலிக் ஜன்னலை அரித்து விரிசல் விடச் செய்யும். வாங்குமுன் குழாயின்மேல் எழுதியிருப்பதைப் படிப்பது நல்லது. மயிரிழை விரிசல்களுக்கு 'கேப்டன் டாலி' என்ற பெயரில் பால்போன்ற ஒரு திரவம் இங்கிலாந்தில் விற்கிறது. சொட்டுச் சொட்டாக விட்டால் விரிசலுக்குள் தானே இறங்கி உறைந்துவிடும். அவசரத்துக்கு உதவும். ஆடுகிற கொக்கிக்கு அது மருந்தாகாது.

கண்ணாடி நார்த் தளத்தின் நடுவே பால்சா என்ற லேசான மரத்தை வைத்துச் செய்த படகுகள் உண்டு. ரொட்டிக்கு நடுவே வைப்பதுபோல! திருகாணித் துளை வழியாக அந்த மரத்தில் தண்ணீர் புகுந்தால், பாலில் போட்ட ரஸ்க் மாதிரி ஊறிப்போகும். ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தளத்தைத் தட்டிப் பார்த்தால் தெரியும். நல்ல இடத்தில் 'டக்' என்று கணீரென்று கேட்கும். அழுகிய இடத்தில் 'தொப்' என்று கேட்கும். அப்படியானால் பழுது பெரிது; பணமும் பெரிதாகச் செலவாகும்.

மரத்துக்கு மழைநீர் கடல்நீரைவிடக் கொடிய விரோதி என்பது பழைய கப்பல்காரர்களுக்குத் தெரியும். உப்பு நீரில் மரத்தை அழுக வைக்கும் பூஞ்சைக் காளான் செழிப்பதில்லை. நன்னீரில் செழிக்கும். அமெரிக்காவில் அந்தக் காலத்தில் கப்பலின் விலா மரங்களுக்கு நடுவே உப்பைக் கொட்டி வைப்பது வழக்கம். பிரிட்டிஷ் கடற்படையின் 'குயின் சார்லட்' என்ற மாபெரும் போர்க்கப்பல் 1810-இல் வெள்ளோட்டம் விடப்பட்டது. அது சண்டைக்குப் போகவே இல்லை, அதற்குள் அழுகிவிட்டது! ஈரமும் காற்றோட்டக் குறைவும் அதைத் தின்றுவிட்டன. போருக்கு அனுப்புமுன் திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று.

கட்டிப்போட்ட படகு ஏன் மூழ்குகிறது?

ஓடும் படகைவிடக் கரையில் கட்டிப்போட்ட படகுகளே அதிகம் மூழ்குகின்றன என்பது இன்ஷூரன்ஸ்காரர்களின் அனுபவம். அது எப்படி?

பின்பக்கத்தில் படகோட்டி நிற்கும் திறந்த இடம் இருக்கிறதே, அதில் விழும் மழை ஓட்டைகள் வழியாக ஆற்றில் வடிய வேண்டும். அந்த ஓட்டையில் நாலு இலைச் சருகு அடைத்துக்கொள்கிறது. தண்ணீர் தேங்குகிறது. உள்ளேயும் ஒழுகுகிறது. அடியில் உள்ள மின்சார பம்ப் தானாக ஓடி இறைக்கிறது. நாலு நாள் விடாத மழை. பேட்டரி தீர்ந்துவிடுகிறது. பம்ப் நிற்கிறது. பாரம் கூடக்கூட படகின் பின்பக்கம் இறங்குகிறது. கடைசியில், தண்ணீரை வெளியேற்ற வேண்டிய ஓட்டைகளே ஆற்று மட்டத்துக்குக் கீழே போய்விடுகின்றன. அப்புறம் மழை தேவையில்லை. ஆறே உள்ளே வந்துவிடும்.

ஆகவே எல்லாவற்றையும் இறுக அடைத்துவிடலாமா? அதுதான் கூடாது!

2016 ஜூன் மாதம் நார்ஃபோக்கில் ராக்ஸம் என்ற ஊரருகே கட்டியிருந்த ஓர் அறைப்படகில் இரண்டு பேர் பிணமாகக் கிடந்தார்கள். அவர்களுடைய நாயும் செத்துக் கிடந்தது. பெட்ரோல் என்ஜினின் புகை படகுக்குள் தேங்கிவிட்டது. அதிலிருந்த கார்பன் மோனாக்சைடுதான் எமன். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பிறகு 2019 ஏப்ரலிலிருந்து பிரிட்டனின் உள்நாட்டு நீர்வழிகளில், படகுப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் வரும் அறைப்படகுகளில் இந்த வாயுவைக் கண்டு அலறும் கருவி வைக்க வேண்டும் என்ற விதி வந்தது.

சொட்டுக்குப் பயந்து காற்றுத்துவாரத்தில் துணியைத் திணித்துவிட்டு அடுப்பைப் பற்ற வைப்பதைவிட, நனைந்து கிடப்பது எவ்வளவோ மேல்.

காற்று வரவேண்டும், மழை வரக்கூடாது. இதற்கு ஒரு கெட்டிக்கார உபாயம் இருக்கிறது. 1930-இல் அமெரிக்காவில் 'டோரேட்' என்ற பாய்மரப் படகு கட்டப்பட்டது. ஸ்டீபன்ஸ் சகோதரர்கள் அதில் வைத்த காற்றுப் பெட்டிக்கு இன்றும் 'டோரேட் பெட்டி' என்றுதான் பெயர். தளத்தின்மேல் ஒரு பெட்டி. அதன் ஒரு கோடியில் மேலிருந்து காற்று நுழையும் குழாய். மறு கோடியில் அறைக்குள் இறங்கும் குழாய். இதன் வாய் பெட்டிக்குள் சற்று உயரமாக நிற்கும். மழையும் அலையும் பெட்டிக்குள் விழுந்து, அடியில் உள்ள துளை வழியாக வெளியே ஓடிவிடும். காற்று மட்டும் மேலேறி உள்ளே போகும்.

பழுது பார்த்து முடித்தபின் உடனே உள்கூரைப் பலகைகளை மாட்டிவிடுவதில்லை. ஒட்டிய இடங்களுக்கு நேர் கீழே வெள்ளைக் காகிதத் துண்டுகளைப் பரப்பி, ஒவ்வொன்றிலும் தேதியையும் இடத்தையும் பென்சிலால் எழுதி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நல்ல மழை ஒன்று பெய்து ஓய்ந்ததும் மறுபடி வந்து பார்க்கிறார்கள். காகிதம் மொடமொடப்பாக இருந்தால் பலகையை மாட்டலாம். எங்காவது ஒரு துண்டு சுருங்கி அலையலையாகக் கிடந்தால், டார்ச் விளக்கோடு ஒருவர் உள்ளே படுக்க வேண்டியதுதான்.